போர்க்களம் கண்ட சித்திரக்காரர்

காஞ்சிமாநகர்க்கு வடக்கே சில கல் தொலைவில் புள்ளலூர் என்னும் சிற்றூர் உளது. அங்கே நிற்கும் நினைவுத்தூண்கள் இரண்டினை எம்மூரார் பலர் கண்டிருப்பர். அவற்றின் வரலாறு அறிந்தார் சிலரே. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் அவ்வூரருகே கர்னல் பெய்லியின் படை ஐதர் அலியாலும் அவர் மைந்தர் திப்புவாலும் அடியோடு அழிக்கப்பட்டது. பெய்லிக்குத் துணைபுரிய வேண்டியவராய்க் காஞ்சியில் படையுடன் தங்கியிருந்த தளபதி மன்றோ, செய்தி கேட்டதும் தம் பெரும் பீரங்கிகளை இவ்வூர்க் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியே பின்வாங்கினார். மறு ஆண்டு அங்கு மீண்டும் போர் நிகழ்ந்தது. தூண்கள் அப்போரில் மடிந்த கும்பினிப் படைத்தலைவர் இருவர்க்கு எடுக்கப்பெற்றவை.

முதற்போரின் வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் எழுதுவித்தார். குதிரைகள் வரிசை வரிசையாய்ப் பாய, நடுவே பல்லக்கில் அமர்ந்த பெய்லி விரலைக் கடித்து நிற்கும் நிலையை அங்கு இன்றும் காணலாம். அதனைத் தீட்டிய கைகள் யாருடையவை என்பது நிலைபெறவில்லை. ஆனால், அப்பகையின் தொடர்ச்சியாய் 1790-ல் மூண்ட மூன்றாம் மைசூர்ப் போரை எதிர்ப்பக்கத்தினின்று தீட்டியவர் பெயரும் வரலாறும் நமக்குக் கிடைத்துள்ளன. அவரே ராபர்ட் ஹோம்.

ஹோம் 1752-ல் இங்கிலாந்தில் ஹல் என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். தந்தையார் படை மருத்துவர். தமக்கையார் ஆன் அம்மையார் கவி பாட வல்லவர். புகழ்பெற்ற இரண மருத்துவர் ஜான் ஹண்டரை மணந்தார். இளையவராகிய எவரார்டும் மருத்துவத் துறையிற் சிறந்தார். மருத்துவமே குலத்தொழிலாய் நின்ற அக்குடும்பத்தில் ராபர்ட் ஒருவரே தூரிகையை நாடினார். ஏஞ்சலிகா காப்மான் என்னும் ஓவிய அம்மையாரிடம் பயின்று, ரோமாபுரியில் சில ஆண்டு கற்று, பின்னர் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் பத்தாண்டளவு உருவப்படம் எழுதிப் பிழைத்தார். 1791-ல் சென்னப்பட்டணத்தில் வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

அவர் வந்த வேளை கார்ன்வாலிஸ் பிரபு மைசூர்மேற் படையெடுத்த வேளை. ஹோம் அனுமதி பெற்றுப் படையுடன் சென்றார். மலைக்கோட்டைகளையும் வழிகளையும் கண்டவாறே வரைந்தார். அவ்வரைபடங்கள் 1794-ல் இலண்டனில் நூலாக வெளிவந்தன.

அவருடைய போர்ப்படங்களுள் இரண்டு தலையாயவை. ஒன்று, 1791 மார்ச்சு 7-ஆம் நாள் பெங்களூர்ப் பேட்டை வாயிலைத் தாக்குகையில் மூர்ஹவுஸ் என்னும் பீரங்கிப் படைத்தலைவர் வீழ்ந்த காட்சி. சாதாரணப் போர்வீரராய்ச் சேர்ந்து உயர்பதவி எய்தியவர் அவர். மற்றொன்று, 1792 பிப்ரவரி 26-ஆம் நாள் திப்புவின் மைந்தர் இருவரும் பிணையாக ஒப்புவிக்கப்பட்ட காட்சி. மூத்தவருக்கு வயது பத்தளவு, இளையவருக்கு எட்டளவு. யானைமேல் வந்திறங்கிய அச்சிறுவரைக் கார்ன்வாலிஸ் தழுவி வரவேற்று, ஆளுக்கொரு பொற்கடிகாரம் ஈந்தார். அவர்தம் தந்தை செலுத்த வேண்டியதோ பாதி நாடும், மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயும். பாராமகாலும் திண்டுக்கல்லும் கும்பினியின் கைக்கு வந்தது அப்பொழுதுதான்.

இந்நிகழ்ச்சியை அந்நாளில் வேறு பலரும் எழுதினர். இந்தியாவையே கண்டிராத மேதர் பிரவுன் என்பாரும் இலண்டனில் இருந்தபடியே எழுதினார். ஹோமோ நேரிற் கண்டவர். படத்தின் இடப்புற ஓரத்தில், வரைதாள் உறையைக் கக்கத்தில் இடுக்கி நிற்கும் உருவம் அவருடையதே. அங்கே நான் இருந்தேன் என்று சொல்லாமற் சொல்லும் அவ்வுருவம் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. ஆயினும் ஒரு குறை உரைப்போம். கும்பினிப் படையிற் பெரும்பாலார் இந்நாட்டுச் சிப்பாய்களே. அவருள் தமிழ் பேசுவோர் மிகப்பலர். அவர்தம் பசியும் புண்ணும் ஹோமின் கண்ணிற்படாமல் இரா. பெரும்படங்களிலோ அவர்கள் துரைமாரின் புகழுக்குப் பின்திரையாகவே நிற்கின்றனர். வென்றவர் பொருள்கொடுத்து எழுதுவிக்கும் படத்தில் வேறென்ன எதிர்பார்ப்பது? திப்புவின் சுவரும் அவ்வகையில் வேறன்று.

1795-ல் ஹோம் கல்கத்தா சென்றார். அங்கு ஆசியச் சங்கத்தின் செயலாளராயும் நூலகப் பொறுப்பாளராயும் பணிபுரிந்தார். வெல்லெஸ்லி உடன்பிறந்தார் இருவரையும் எழுதினார். நம் கல்லூரி அன்பர்க்கு மிகவும் பழகிய படம் ஒன்றும் அக்காலத்ததே: வில்லியம் கேரி ஐயர் மேசைமுன் அமர்ந்திருக்க, அருகே அவருடைய பண்டிதர் இருக்கும் படம். அதனை எழுதியவர் இப்போர்ச் சித்திரக்காரரே என்பதைப் பலர் அறியார். பீரங்கிப் புகையினும் இவ்வமைதியான அறையே அவர் தூரிகைக்கு நன்கு பொருந்திற்று என்பது எம் கருத்து.

1814-ல் இலட்சுமணபுரி என்னும் லக்னோவில் நவாபு காசியுதீன் ஐதரின் அரண்மனைச் சித்திரக்காரரானார். நவாபு 1819-ல் அரசரெனப் பட்டம் புனைந்தார். மன்னர்க்கு மணிமுடி, உடை, அம்பாரி, வண்டி, படகு அனைத்திற்கும் ஹோமே வடிவு வரைந்து தரவேண்டியிருந்தது. எம்மூர் நெசவாளர் தம் மனத்திற்கு உகந்த கரையை விடுத்து, முதலாளி கேட்ட கரையையே கோர்ப்பது போன்றது அவ்வாழ்வு. 1824-ல் அங்குச் சென்ற ஹீபர் அத்தியட்சர் ஹோமின் முன் பலமுறை அமர்ந்து தம் உருவத்தை எழுதுவித்துக் கொண்டார். ஹோம் ஐரோப்பாவிலேயே தங்கியிருப்பின் பெரும்பெயர் பெற்றிருப்பார் என்றும், தம் படங்களையன்றிப் பிறர் படங்களைக் கண்டு கற்க வழியில்லாமையும், மன்னர் விரும்பும் பகட்டு வண்ணமும் அவர் கலைக்கு ஊறாயின என்றும் ஹீபர் எழுதி வைத்தார். ஈராண்டிற்குள் ஹீபர் நம் திருச்சிராப்பள்ளியில் உயிர்நீத்தார். அங்குத் தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

ஹோம் 1828-ல் அரண்மனைப் பணி துறந்து கான்பூர் சேர்ந்து, 1834-ல் அங்கேயே காலமானார். இந்நாட்டிற்கு வந்தபின் வாழ்ந்த ஆண்டுகள் நாற்பத்து மூன்று. அவருடைய போர்ப்படங்கள் இரண்டும் இன்று இலண்டன் படைக்காட்சிச்சாலையில் உள்ளன. யாம் அச்சுப்படியிலேயே அவற்றைக் கண்டோம். தரியா தௌலத் சுவரை மட்டும் சென்ற கோடை விடுமுறையில் நேரிற்சென்று நெடுநேரம் நோக்கினோம். அதில் பெய்லியின் பல்லக்கைக் கண்டோம். காஞ்சியைத் தேடினோம், காணவில்லை.