பெரில் பர்ட்டன்

பெரில் பர்ட்டன் (மே 12, 1937 – மே 1996) இங்கிலாந்தைச் சேர்ந்த மிதிவண்டிப் பந்தய வீராங்கனை ஆவார். ஏழு முறை உலக வாகையாளர் பட்டம் பெற்ற இவர், பிரித்தானியத் தேசிய நேர ஓட்டப் போட்டிகளில் மட்டும் 72 பட்டங்களை வென்றார். 1967 இல் இவர் நிகழ்த்திய 12 மணி நேரச் சாதனை ஆண்களின் சாதனையையும் விஞ்சியது.

இளமை

இங்கிலாந்தின் யோர்க்சயர் பகுதியிலுள்ள லீட்சு நகரில் பிறந்தார். சிறுவயதில் வாதக் காய்ச்சலால் தாக்கப்பட்டு மருத்துவமனையிலும் நலவாழ்வு இல்லத்திலுமாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைக் கழித்தார். கடும் உழைப்பைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்தினர். 1955 இல் மிதிவண்டி ஆர்வலரான சார்லி பர்ட்டனை மணந்தார். அவர் வழியாகவே இவருக்கு இவ்விளையாட்டு அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டு மகள் டெனிசு பிறந்தார்.

நேர ஓட்டங்கள்

நேர ஓட்டத்தில் போட்டியாளர்கள் கூட்டமாகப் புறப்படுவதில்லை. குறித்த இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்பட்டு, குறித்த தொலைவைத் தனியே கடக்க வேண்டும். பிறருக்குப் பின்னால் ஒதுங்கிக் காற்றின் தடையைக் குறைத்துக்கொள்ள இதில் இடமில்லை. பிரித்தானியாவில் இப்போட்டிகள் நெடுங்காலமாகப் போக்குவரத்துக் குறைந்த அதிகாலை வேளைகளில் நடத்தப்பட்டு வந்தன.

பர்ட்டன் 1957 இல் தேசிய 100 மைல் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். 1958 இல் 25 மைல் போட்டியில் முதற் பட்டத்தை வென்றார். பின்னர் இவர் பெற்ற பட்டங்களின் எண்ணிக்கை வியப்பூட்டுவது: 25 மைலில் 26, 50 மைலில் 24, 100 மைலில் 18, பிற்காலத்தில் தொடங்கப்பட்ட 10 மைல் போட்டியில் 4. பல தொலைவுகளின் சராசரி வேகத்தைக் கொண்டு முடிவு செய்யப்படும் சிறந்த பல்திறன் வீராங்கனை பட்டத்தை 1959 முதல் 1983 வரை தொடர்ந்து 25 ஆண்டுகள் வேறெவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1963 இல் 25 மைலை ஒரு மணி நேரத்திற்குள் கடந்த முதற் பெண் ஆனார். 1968 இல் 100 மைலை 3 மணி 55 நிமிடம் 5 நொடிகளில் கடந்தார்.

1967 ஆம் ஆண்டுச் சாதனை

1967 செப்டம்பரில் யோர்க்சயரில் நடைபெற்ற 12 மணி நேரப் போட்டியில் ஆண்கள் முதலில் புறப்பட, பெண்கள் அவர்களைத் தொடர்ந்து புறப்பட்டனர். பர்ட்டன் ஆண்களை ஒவ்வொருவராகப் பிடித்து, இறுதியில் முன்னணி வீரர் மைக் மெக்னமாராவையும் எட்டினார். முந்திச் செல்லும்போது அவருக்கு ஓர் அதிமதுர மிட்டாயை நீட்டியதாகவும், அவர் நன்றியுடன் பெற்றுக்கொண்டதாகவும் கூறப்படுகிறது. மெக்னமாரா தளர்ந்து போனவர் அல்லர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. அன்று அவர் கடந்த 276.52 மைல் ஆண்களுக்கான புதிய தேசியச் சாதனை. பர்ட்டன் கடந்ததோ 277.25 மைல் (ஏறத்தாழ 446 கி.மீ.). ஆண்கள் இத்தொலைவைத் தாண்ட 1969 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெண்களுக்கான சாதனையாக அது 2017 வரை முறியடிக்கப்படாமல் நிலைத்தது.

உழைப்பும் குடும்பமும்

பர்ட்டன் வாழ்நாள் முழுவதும் தொழில்முறை அல்லாத வீராங்கனையாகவே இருந்தார். சக மிதிவண்டி வீரர் நிம் கார்லைனின் பண்ணையில் ரூபார்ப் என்னும் புளிப்புத் தண்டுச் செடியைப் பயிரிடும் கடின வேலையைச் செய்தார். இவருக்கு வலிமை சேர்த்ததில் அந்த மண்வேலைக்கும் பங்குண்டு.

வெற்றி வேட்கை இவரிடம் கடுமையாகவே இருந்தது. 1976 தேசியச் சாலைப் போட்டியில் மகள் டெனிசு இறுதி விரைவோட்டத்தில் இவரை வென்றபோது, பரிசு மேடையில் மகளுடன் கைகுலுக்க மறுத்தார். எனினும் 1982 இல் தாயும் மகளும் இருவர் மிதிவண்டியில் 10 மைலை 21 நிமிடம் 25 நொடிகளில் கடந்து பிரித்தானியச் சாதனை படைத்தனர்.

உலக அரங்கு

உலகப் போட்டிகளில் தடகளத் துரத்தல் பிரிவில் ஐந்து முறையும் (1959, 1960, 1962, 1963, 1966), சாலைப் போட்டியில் இரண்டு முறையும் (1960, 1967) வாகை சூடினார். ஆனால் இவரது தனிச்சிறப்பான நேர ஓட்டத்திற்கு அங்கு இடமிருக்கவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிதிவண்டிப் போட்டி 1984 இல்தான் தொடங்கியது. அப்போது இவருக்கு வயது 47. பெண்களுக்கான நேர ஓட்டம் உலகப் போட்டியில் 1994 இலும், ஒலிம்பிக்கில் 1996 கோடையிலும் சேர்க்கப்பட்டது.

மறைவு

1996 மே மாதம், தமது 59 ஆவது பிறந்தநாள் விழாவுக்கான அழைப்புகளைக் கொடுப்பதற்காக மிதிவண்டியில் சென்றுகொண்டிருந்தபோது இதயம் செயலிழந்து காலமானார். இவர் வாழ்ந்த மோர்லி நகரில் இவர் பெயரில் நினைவுப் பூங்கா ஒன்று அமைக்கப்பட்டது.