ஸ்நூக்கர் கண்ட சேம்பர்லேன்

கொங்கு நாட்டின் மேற்கெல்லையில் முகில் தவழ நிற்பது நீலமலை. இன்று தனி மாவட்டமாக விளங்கும் அம்மலைநாடு, 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. கோவைக் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் என்பவரே உதகமண்டலம் நகராவதற்கு வித்திட்டவர். கோடை தொடங்கியதும் சென்னை மாகாணத்து ஆளுநரும் படைத்தலைவரும் தத்தம் பரிவாரத்தோடு அங்குச் சென்று தங்குவர். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரையில் புகைவண்டி. அதற்குமேல் குதிரை வண்டியும் வளைந்து செல்லும் மலைப்பாதையுமே துணை. அவ்வாறு மலையேறிய இளம் படையதிகாரி ஒருவர், பின்னாளில் உலகெங்கும் பரவிய ஓர் ஆட்டத்துக்கு அங்கே விதி வகுத்தார். அவரே நெவில் பிரான்சிஸ் பிட்ஸ்ஜெரால்டு சேம்பர்லேன்.

இங்கிலாந்தின் தலைமையமைச்சராக 1937 முதல் 1940 வரை இருந்த நெவில் சேம்பர்லேன் வேறு; இவர் வேறு. பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவரெனக் கொண்டு மயங்குவார் உளர்.

இவர் 1856ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். இவர்தம் குடி படைத்தொழிலையே குலத்தொழிலாகக் கொண்டது. சாண்டர்ஸ்டு படைக் கல்லூரியில் பயின்று, 1873இல் டெவன்ஷயர் படைப்பிரிவிற் சேர்ந்தார். அப்படையுடன் இந்தியாவுக்கு வந்து, 1875இல் ஜபல்பூரில் தங்கியிருந்தார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது.

ஜபல்பூரில் கார்காலம் கடுமையானது. பகலெல்லாம் மழை பெய்ய, வெளியே சென்று ஆடுதற்கு வழியின்றி அதிகாரிகள் உணவு விடுதியிலேயே அடைந்து கிடப்பர். அவர்களுக்குப் பொழுதுபோக்காயிருந்தது பில்லியர்ட்ஸ் மேசை ஒன்றே. மூன்று பந்துகளைக் கொண்டு ஆடும் பில்லியர்ட்ஸ் இருவர்க்கே உரியது. ஆகவே, பலர் கூடி ஆடும் வேறு ஆட்டங்களை அவர்கள் விரும்பினர். 15 சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி, அவற்றைக் கோலால் தட்டிப் பைகளில் வீழ்த்துவது ஒன்று. அதனோடு கருப்புப் பந்தொன்றைச் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சிறு பணயமும் வைப்பர். நாள்தோறும் ஆடியதையே ஆடிச் சலித்த சேம்பர்லேனுக்கு ஒருநாள் புதியதோர் எண்ணம் உதித்தது. வேறு நிறப் பந்துகளையும் மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மதிப்பு அளித்தால் என்ன என்று அவர் கருதினார். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு ஆகிய பந்துகள் வந்து சேர்ந்தன. நீலமும் பழுப்பும் பின்னர்ச் சேர்ந்தவை.

ஆட்டம் பிறந்தது, அதற்குப் பெயர் அமைந்தது ஒரு தற்செயலால். உல்விச் படைக்கல்விச் சாலையிற் பயின்ற ஒருவர், அங்கு முதலாண்டு மாணாக்கரை ஸ்நூக்கர் என்று ஏளனமாக அழைக்கும் வழக்கத்தை இவரிடம் கூறினார். பின்பு ஆடுங்கால் தோழர் ஒருவர் எளிய பந்தொன்றை வீழ்த்தத் தவறவே, சேம்பர்லேன் அவரை அச்சொல்லால் அழைத்துவிட்டார். அவர் மனம் நோவாதிருத்தற்பொருட்டு, இப்புதிய ஆட்டத்தில் நாம் யாவரும் முதலாண்டு மாணாக்கரே என்றும் உடன் கூறினார். அன்றே அச்சொல் ஆட்டத்தின் பெயராயிற்று.

விதியைச் சிறிது மாற்றி ஆடிப்பார்த்தல் ஆட்டக் கழகங்களில் எங்கும் காண்பதே. மேசைப்பந்து ஆடும் இளைஞர் இதனை நன்கறிவர். ஒருநாள் ஒரு புதுவிதியைச் சேர்ப்பர். நான்கு நாளில் அஃது அலுத்துவிடும். மீண்டும் பழைய விதிக்கே திரும்புவர். மேசைப்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு 21 புள்ளி என்றிருந்தது 2001இல் 11 ஆயிற்று. ஆயின் அம்மாற்றத்தைச் செய்தது உலகளாவிய சங்கம். சேம்பர்லேனுக்குப் பின்னே சங்கமும் இல்லை, ஆணையும் இல்லை. வாய்மொழியாக வழங்கும் விதி ஊருக்கு ஊர் திரிந்துபோகும். பணயம் வைத்து ஆடுமிடத்தில் பூசலும் விளைக்கும்.

ஆப்கானியப் போரில் காயமுற்ற சேம்பர்லேன், 1881இல் சென்னைப் படைத்தலைவராக வந்த பிரெடரிக் ராபர்ட்ஸ் என்பவரின் மெய்த்துணை அதிகாரியானார். ஆண்டுதோறும் தலைவருடன் உதகைக்குச் செல்வது அவர் கடமையாயிற்று. அங்கு, சர் வில்லியம் ரம்போல்டு கட்டுவித்த மாளிகையில் அமைந்திருந்த உதகைக் கழகத்தில் இவ்வாட்டம் பெரிதும் விரும்பப்பட்டது. 1882இல் அதன் விதிகள் முறையாக எழுதப்பெற்று, அக்கழகத்துப் பில்லியர்ட்ஸ் அறையில் யாவரும் காண ஒட்டப்பட்டன. ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்த அவ்வறையில் பிறந்த தாள், ஆட்டத்தை ஒருநெறிப் படுத்திற்று. மலையிலிருந்து இறங்கித் தத்தம் படைவீடு சென்றோர் அதனையும் உடன்கொண்டு சென்றனர்.

1885இல் ஜான் ராபர்ட்ஸ் என்னும் புகழ்வாய்ந்த பில்லியர்ட்ஸ் வீரர் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் கூச்பிகார் அரசரின் விருந்தொன்றில் சேம்பர்லேனைக் கண்டு, ஆட்டத்தின் விதிகளை அவர்வாய்க் கேட்டறிந்தார். இங்கிலாந்துக்கு ஸ்நூக்கர் சென்ற வழி இதுவே.

பின்னர்ச் சேம்பர்லேன் காசுமீர அரசின் படைச் செயலராகவும், 1900 முதல் 1916 வரை அயர்லாந்துக் காவற்படையின் தலைவராகவும் பணியாற்றினார். அயர்லாந்து மக்கள் விடுதலை வேட்டு 1916இல் எழுச்சி செய்தனர். அவ்வாண்டே அவர் பதவி விட்டு விலகினார். அன்னிய ஆட்சியின் கருவியாயிருந்த அப்பணியை அந்நாட்டு மக்கள் போற்ற இடமில்லை.

அவர் வகுத்த ஆட்டமோ வளர்ந்துகொண்டே சென்றது; அவர் பெயரைத்தான் எவரும் அறிந்திலர். ஸ்நூக்கர் உல்விச்சில் பிறந்ததென்றே அச்சிட்டுப் பரப்பலாயினர். 82 வயது முதியவரான அவர், 1938இல் ஓர் இதழுக்கு மடல் விடுத்து உண்மையை விளக்கினார். அறுபதாண்டு கடந்தபின் ஒருவர் தம் நினைவைக் கொண்டு உரைப்பதை உலகம் எளிதில் ஏற்குமோ? நல்வாய்ப்பாக, இளமையில் அவரோடு பழகிய முதிய படையதிகாரிகள் சிலர் உயிருடன் இருந்தனர். அவர்கள் சான்று பகர்ந்தனர். காம்ப்டன் மெக்கன்சி என்னும் நாவலாசிரியர் அதனை ஆராய்ந்து எழுதவே, ஐயம் அகன்றது. இன்னும் சில ஆண்டு அவர் வாளாவிருந்திருப்பின் சான்று கூறுவோரும் இரார். அவர் 1944ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் தம் 88ஆம் வயதில் மறைந்தார்.

1984இல் ஓம் அகர்வால் உலக ஸ்நூக்கர்ப் பட்டம் வென்ற முதல் இந்தியரானார். அப்போட்டி நடந்த ஊர், சேம்பர்லேன் பதினாறாண்டு காவற்படைத் தலைவராக வீற்றிருந்த டப்ளின் நகரமாகும்.