ஆர்தர் காட்டன்

சர் ஆர்தர் தாமஸ் காட்டன் (மே 15, 1803 - ஜூலை 24, 1899) பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய படைத்துறைப் பொறியாளர் ஆவார். முக்கொம்பில் உள்ள மேலணை, அணைக்கரையில் உள்ள கீழணை, கோதாவரியின் குறுக்கே உள்ள தவளேசுவரம் அணைக்கட்டு ஆகியவை இவரது முதன்மையான பணிகள். பஞ்சம் வந்தபின் நிவாரணம் வழங்குவதைவிட, பஞ்சம் வராதபடி நீர்ப்பாசனப் பணிகளை முன்கூட்டியே மேற்கொள்ள வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டார்.

இளமை

இங்கிலாந்தில் ஹென்றி கால்வெலி காட்டனின் மகனாகப் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பனியின் அடிஸ்கம் படைப்பள்ளியில் பயின்று, 1819இல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1821இல் சென்னைக்கு வந்தார். தொடக்கத்தில் பாம்பன் நீரிணை அளவைப் பணியில் ஈடுபட்டார். முதலாம் ஆங்கிலேய-பர்மியப் போரிலும் (1824-26) பங்கேற்றார்.

காவிரியும் கொள்ளிடமும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இவ்விரு ஆறுகளுக்கும் இடையே திருவரங்கத் தீவு அமைந்துள்ளது. கொள்ளிடம் கடலை அடையும் தொலைவு குறைவு, சரிவு மிகுதி. ஆகவே ஆண்டுதோறும் கூடுதலான நீர் அதில் பாய்ந்தது. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டு, தஞ்சாவூர்ப் பகுதியின் பாசனம் நலிந்தது. 1820களின் இறுதியில் இச்சிக்கலை ஆராயும் பொறுப்பு காட்டனிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலம் பொருளாதார நெருக்கடி மிகுந்தது. 1825 முதல் 1854 வரையிலான காலத்தைச் சென்னை மாகாணத்தின் பொருளாதார மந்தக் காலமாகப் பொருளியல் ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். தானிய விலை வீழ்ந்தது; ஆனால் நிலவரியைப் பணமாகவே செலுத்த வேண்டியிருந்தது. வரி செலுத்துவதற்காக உழவர்கள் முன்னிலும் கூடுதலான தானியத்தை விற்க நேர்ந்தது. கம்பனி அரசும் பொதுப்பணிகளுக்குச் செலவிடத் தயங்கியது. பாசனத்துக்கு இடும் பணம் வருவாயாகத் திரும்பும் என்று எடுத்துக்காட்டியே காட்டன் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது.

மேலணையும் கீழணையும் 1836இல் கட்டப்பட்டன. கொள்ளிடத்தின் குறுக்கே அமைந்த மேலணை, நீர் குறைந்த காலத்தில் ஆற்றைக் காவிரிக்குத் திருப்பியது. வெள்ளக் காலத்தில் மிகைநீர் அணையின் மேல் வழிந்து கொள்ளிடத்தில் சென்றது. கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள கீழணை, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும் நீர் தருகிறது. மணற்படுகையில் உறுதியான அடித்தளம் இடும் முறையைக் கல்லணையைக் கட்டிய பழந்தமிழரிடமிருந்தே தாம் கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் பதிவு செய்தார்.

கோதாவரி

1832-33இல் குண்டூர்ப் பகுதியைத் தாக்கிய பஞ்சத்தில் அங்கு வாழ்ந்த மக்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோதாவரி, கிருஷ்ணா என்னும் பேராறுகள் பாயும் கடற்கரைப் பகுதியிலும் மக்கள் பட்டினியால் மடிந்தனர். காவிரியில் பெற்ற பட்டறிவைக் கொண்டு, 1847இல் தவளேசுவரத்தில் பணியைத் தொடங்கி 1852இல் காட்டன் நிறைவு செய்தார். இதனால் கோதாவரிக் கழிமுகம் நெல் விளையும் வளமான பகுதியாக மாறியது. 1861இல் இவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது.

பெரும் பஞ்சமும் கருத்து மோதலும்

1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். நிவாரணப் பணியிடங்களில் கல் உடைத்தும் மண் சுமந்தும் மக்கள் கூலி பெற்றனர். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இவ்வாறு வெட்டப்பட்டதே ஆகும். நடுவண் அரசின் சார்பில் வந்த ரிச்சர்டு டெம்பிள், ஆண் தொழிலாளியின் நாட்கூலியை ஒரு பவுண்டு (ஏறத்தாழ 450 கிராம்) தானியமும் ஒரு அணாவுமாகக் குறைத்தார். கடும் உடலுழைப்புக்கு இந்த உணவு போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். பின்னர் கூலி உயர்த்தப்பட்டது.

அப்போது ஓய்வு பெற்று இங்கிலாந்தில் இருந்த காட்டன், இருப்புப்பாதைக்கு இறைக்கும் பணத்தைப் பாசனத்துக்கும் நீர்வழிப் போக்குவரத்துக்கும் செலவிட வேண்டும் என்றார். இருப்புப்பாதை தானியத்தைச் சுமக்கும். ஆனால் விளைவிக்காது என்பது அவரது வாதம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் இவரை ஆதரித்தார். இவரது கருத்தை ஆராய 1878இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு அமைக்கப்பட்டது. எனினும் இவரது பெருந்திட்டங்கள் ஏற்கப்படவில்லை. இவர் ஊக்குவித்த கர்நூல்-கடப்பைக் கால்வாய் பேரிழப்பில் முடிந்து, 1882இல் அரசால் வாங்கப்பட்டதை எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டினர். கழிமுகத்தில் வென்ற முறை வறண்ட மேட்டுநிலத்தில் அவ்வாறே பலன் தரவில்லை.

மறைவும் நினைவும்

1899இல் இங்கிலாந்தின் டார்க்கிங் நகரில் காலமானார். இவரது மகள் எலிசபெத் ஹோப், குடும்ப நினைவுகளையும் தந்தையின் பணிகளையும் தொகுத்து எழுதிய வாழ்க்கை வரலாறு 1900இல் வெளியானது. தவளேசுவரத்தில் பழைய அணைக்கட்டுக்கு மாற்றாகக் கட்டப்பட்ட கதவணைக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. அங்கு ஓர் அருங்காட்சியகமும் உள்ளது. முக்கொம்பு மேலணையில் பின்னாளில் பொருத்தப்பட்ட 45 மதகுகளில் 9 மதகுகள், ஆகஸ்டு 22, 2018 அன்று வெள்ளத்தில் உடைந்தன. இதையடுத்து அதன் அருகே புதிய கதவணை கட்டப்பட்டது.