உதயகிரியில் உறங்கும் வலிய கப்பித்தான்

நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரோட்டில் பஸ்ஸில் போய் வராதவர்கள் நம் பழைய மாணவர்களில் யாரும் இருக்க முடியாது. புலியூர்க்குறிச்சி வந்ததும் ஜன்னல் பக்கம் ஒரு பெரிய கருங்கல் மதில் தெரியும். உதயகிரிக் கோட்டை என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார். நாமும் தலையை ஆட்டிவிட்டு, தக்கலையில் இறங்கிப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்த மதிலுக்குள்ளே, கூரையில்லாத ஒரு சிறு கோவிலில், கடல் தாண்டி வந்த ஒரு மனிதர் இருநூற்று நாற்பது வருடத்துக்கும் மேலாக உறங்குகிறார். அவர்தான் டிலனாய்.

இன்றைக்கு டெல்லியில் நெதர்லாந்துக்குத் தூதரகம் இருக்கிறது. ஹேக் நகரில் நமக்குத் தூதரகம் இருக்கிறது. ஒரு பிரச்சினை என்றால் தூதரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். வேணாட்டு ராஜாவுக்கும் ஒல்லாந்துக்கும் நடுவில் அப்படி ஒன்றும் கிடையாது. ஒல்லாந்து என்றால் நம் ஊர்க்காரருக்கு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான். 1602-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி 1663-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தது. கொச்சியிலும் கொழும்பிலும் இருந்த கம்பெனி அதிகாரிகளே தூதர், அவர்களே வியாபாரி, அவர்களே படைத்தலைவர். மூன்று வேலையும் ஒரே ஆள் பார்த்தால் பேச்சு எப்படி முடியும் என்பதற்கு நம் மண்ணே சாட்சி.

குளச்சல் கடற்கரை

1729-இல் பட்டத்துக்கு வந்தவர் மார்த்தாண்ட வர்மா. தலைநகர் கல்குளம், பத்மநாபபுரம் என்று பின்னால் பெயர் மாறியது அதுதான். பக்கத்துச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே அவர் வடக்கே போனார். நல்லமிளகு விளையும் நாடெல்லாம் ஒரே கைக்குப் போகிறதே என்று கம்பெனிக்குக் கவலை வந்துவிட்டது. ஆளுக்கொரு ராஜா இருந்தால் விலை பேசலாம்; ஒரே ராஜா என்றால் அவர் சொல்வதுதானே விலை!

இலங்கையில் கவர்னராக இருந்த வான் இம்ஹாப் 1739-இல் மலையாளக் கரைக்கு வந்து ராஜாவையும் சந்தித்தார். பேச்சு முற்றியது. கவர்னர் படையெடுப்பேன் என்று மிரட்ட, அப்படியானால் நம் மீனவர்களையும் வள்ளங்களையும் கொண்டு நானும் உங்கள் ஐரோப்பாவுக்கு வருகிறேன் என்று ராஜா திருப்பிச் சொன்னதாக வரலாற்று நூல்களில் ஒரு செய்தி உண்டு. சொன்னாரோ இல்லையோ, தூது அன்றோடு முறிந்தது. மிச்சத்தைப் பீரங்கி பேசியது.

இலங்கையிலிருந்து வந்த டச்சுப்படை குளச்சலில் இறங்கிப் பாளையம் அடித்தது. கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. பத்மநாபபுரத்துக்கே ஆபத்து என்ற நிலை. வடக்கே இருந்த ராஜா படையோடு விரைந்து வந்து வளைத்துக்கொண்டார். மழைக்காலக் கடல் கொந்தளித்ததால் டச்சுக்காரருக்குக் கப்பலில் உதவி வரவில்லை. பாளையத்துக்குள் இருந்த வெடிமருந்தும் தீப்பிடித்து எரிந்துபோயிற்று. 1741 ஆகஸ்டில் அவர்கள் சரணடைந்தார்கள். ஆசியாவில் ஒரு நாட்டரசு ஐரோப்பியப் படையைப் பணியவைத்த ஆரம்பகாலச் சண்டைகளில் ஒன்று இது. குளச்சலில் நிற்கும் வெற்றித்தூண் அதைத்தான் சொல்கிறது.

கைதி தளபதியான கதை

உதயகிரிக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளில் ஒருவர் யுஸ்டேசியஸ் டிலனாய். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டி இருக்கும். கம்பெனிப் படையில் அவர் என்ன பதவியில் இருந்தார் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பதவி எதுவானால் என்ன? மார்த்தாண்ட வர்மா பார்த்தது பதவியை அல்ல, வேலை தெரிந்த ஆளை.

வேறொரு ராஜாவாக இருந்தால் தலையை வாங்கியிருப்பார்; இல்லையென்றால் பணம் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பியிருப்பார். இவரோ தம் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். வரிசையாக நிற்பது, சேர்ந்து சுடுவது, பீரங்கியை இழுத்துப் போய் நிறுத்துவது என்று ஐரோப்பியப் போர்முறை முழுவதும் நாஞ்சில் நாட்டு, வேணாட்டுப் பையன்களுக்கு வந்து சேர்ந்தது. உதயகிரி மண்கோட்டை கருங்கல் கோட்டையாயிற்று. உள்ளே பீரங்கி வார்க்கும் உலை எரிந்தது. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி நிற்கும் வட்டக்கோட்டையும் அவர் கைபட்டதுதான். ஜனங்கள் அவரை வலிய கப்பித்தான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெரிய கேப்டன் என்று அர்த்தம்.

அந்தப் படையின் பலம் பேச்சுவார்த்தை மேசையில் தெரிந்தது. 1753 ஆகஸ்ட் 15-ஆம் தேதி மாவேலிக்கரையில் திருவிதாங்கூரும் டச்சுக் கம்பெனியும் உடன்படிக்கை செய்துகொண்டன. மலையாளக்கரை அரசர்களின் சண்டைகளில் இனித் தலையிடுவதில்லை என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. பேசிய விலைக்கு மிளகு கொடுக்க ராஜா சம்மதித்தார். வருடத்துக்கு 12,000 ரூபாய்க்கு ஆயுதங்களைக் கம்பெனி ராஜாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் குளச்சலில் பீரங்கியோடு வந்தவர்கள், இப்போது அதே ராஜாவுக்குத் துப்பாக்கி சப்ளை! மிரட்டலில் முறிந்த தூது, சமபலம் வந்ததும் ஒட்டிக்கொண்டது.

யாருடைய ஆள்?

டிலனாய் ஒல்லாந்தின் தூதரும் இல்லை, திருவிதாங்கூரின் தூதரும் இல்லை. யாரும் அவருக்கு நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு நாட்டின் வித்தையை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவந்து, எதிராளி எப்படி நினைப்பான், எப்படிச் சண்டை போடுவான் என்று அரண்மனைக்குப் புரிய வைத்தது அவர்தான். தூதரின் வேலையில் பாதி அதுதானே?

அதற்கு அவர் கொடுத்த விலையும் சின்னதல்ல. அரண்மனை உத்தியோகஸ்தராக இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை துக்கத்தில் இருந்தபோது ஆறுதல் சொல்லிக் கிறிஸ்தவ மதத்தை அறிமுகப்படுத்தியவர் டிலனாய். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டு, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ராஜாவின் நம்பிக்கைக்குரிய தளபதியாக இருந்தும் டிலனாயால் நண்பரின் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. தாம் பயிற்சி கொடுத்த அரசின் துப்பாக்கிக்கே நண்பர் இரையானபோது அந்த மனிதரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அந்தத் தேவசகாயத்துக்குத்தான் 2022 மே 15 அன்று ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

மார்த்தாண்ட வர்மா 1758-இல் மறைந்தார். அடுத்து வந்த தர்மராஜா கார்த்திகைத் திருநாள் காலத்திலும் டிலனாயே தளபதி. வடக்கே மைசூர்ப் படையைத் தடுக்க, மலையடிவாரத்திலிருந்து கடல்வரை நீளும் நெடுங்கோட்டை என்ற அரண் அவர் மேற்பார்வையில் எழுந்தது. களக்காட்டுச் சண்டையில் மகனை இளம் வயதிலேயே பறிகொடுத்தார். அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை. 1777 ஜூன் 1-ஆம் தேதி உதயகிரியில் கண்ணை மூடினார். ராஜாவின் உதவியோடு கோட்டைக்குள் கட்டிய கோவிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் போன பிறகு 1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலை நெடுங்கோட்டை தாங்கி நின்றது. அந்தச் சண்டைக்கு ஒரு காரணம், அதே வருடம் கொடுங்கல்லூர்க் கோட்டையையும் பள்ளிப்புரம் கோட்டையையும் திருவிதாங்கூர் டச்சுக்காரரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டை பிடிக்க வந்தவர்கள் கோட்டையை விற்றுவிட்டுக் கிளம்பும் காலம் வந்துவிட்டது. 1795-இல் கொச்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரும் திருவனந்தபுரத்துக்கு மாறிவிட்டது.

ஒரு வேண்டுகோள்

அந்தக் கல்லறைக் கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. இரண்டு மொழியும் ஒரே மனிதரைப் பற்றித்தான் சொல்கின்றன. முப்பத்தேழு வருடம் அரசருக்கு உண்மையாக உழைத்தார் என்பதே அதன் சாரம். தூதரகக் கட்டடங்களும் கொடிமரங்களும் வருவதற்கு முன்னால், தூரத்து இரண்டு நாடுகளைச் சேர்த்துவைத்த சாட்சி அந்தக் கல்தான்.

நம் மாணவச் செல்வங்கள் பலர் இன்று வெளிநாடுகளில் வேலை பார்க்கிறார்கள். இன்னும் பலர் போவார்கள். போகிற இடத்தில் நீங்கள் ஒவ்வொருவரும் நம்ம ஊரின் தூதர்தான், கையில் நியமனப் பத்திரம் இல்லாவிட்டாலும். பிறந்த ஊரையும் மறக்காமல் பிழைக்கும் ஊருக்கும் துரோகம் பண்ணாமல் இருப்பது லேசான காரியமில்லை என்பதற்கு டிலனாயின் வாழ்க்கையே பாடம்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, அரண்மனைக்குப் போகும் வழியில் புலியூர்க்குறிச்சியில் ஒரு நிமிஷம் இறங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பஸ் ஜன்னல் வழியே பார்த்தது போதும்.