சகதீச சந்திர போசு

சென்னை மாநகருக்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையை அடுத்துள்ள ஊர் சிறுசேரி. அங்கு அமைந்த சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பல்லாயிரவர் கணிப்பொறியின்முன் அமர்ந்து பணிபுரிகின்றனர். அவர்தம் கைப்பேசியை உலகத்தோடு இணைப்பவை கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளாம். கம்பியின் துணையின்றி வெளியில் செல்லும் அவ்வலைகளை நம் நாட்டில் முதன்முதல் எழுப்பி ஏவல் கொண்ட பேரறிஞர் சகதீச சந்திர போசு ஆவார்.

இவர் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போசு அரசாங்கத்தில் உயர்பதவி வகித்தவர். அத்தகையோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதிய காலம் அது. அவரோ தம் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கு மீனவர் மகனும் ஏவலர் மகனும் சகதீசருடன் ஒரே வரிசையில் அமர்ந்து கற்றனர். அவர்கள் கூறிய பறவை, விலங்குகளின் கதைகள் அவ்விளம் உள்ளத்தில் இயற்கையின்பால் வேட்கையை விதைத்தன.

பின்னர்க் கல்கத்தாவிலும் இங்கிலாந்திலும் பயின்று, 1885ஆம் ஆண்டில் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். ஒரே பணியைச் செய்யினும், ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியர்க்கு அந்நாளில் அளிக்கப்பட்டது. தற்காலிகப் பணி என்பது காட்டி அதிலும் பாதியே இவருக்குத் தரப்பட்டது. இவ்விழிவைப் பொறாத சகதீசர், பணியைக் குறைவறச் செய்தார். ஊதியத்தையோ மூன்று ஆண்டுகள் கையாலும் தொடவில்லை. தந்தையார் பட்ட கடன் ஒருபுறம் வருத்தியது. 1887இல் அவரை மணந்த அபலா அம்மையார், சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர். கணவரின் வறுமையை மனமுவந்து பகிர்ந்துகொண்டார். முடிவில் அரசாங்கமே இணங்கி, முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்கியது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்க உதவியது.

மின்காந்த அலைகள் உண்டு என்பதைச் செருமானிய அறிஞர் எர்ட்சு மெய்ப்பித்திருந்தார். சகதீசர் அவற்றினும் மிகக் குறுகிய அலைகளை எழுப்ப முயன்றார். அவருக்கு வாய்த்தது ஒரு சிற்றறை. துணைநின்றவர் உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவர். அலைகளின் இயல்பை ஆராய முறுக்கிய சணல் நாரையும், ஏடுகளுக்கிடையே தகரத் தாள் செருகிய இரயில்வே கால அட்டவணை நூலையும் கருவிகளாக்கினார். 5 மில்லிமீட்டர் அளவேயான அலைகள் அவர் கருவியினின்று பிறந்தன. அவை நொடிக்கு ஏறத்தாழ 6,000 கோடி முறை அதிர்பவை.

1894க்கும் 1896க்கும் இடைப்பட்ட காலத்தில் இவ்வாராய்ச்சி நிகழ்ந்தது. கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் எழுப்பிய அலைகள் துணை ஆளுநரின் உடலையும் சுவர்களையும் ஊடுருவிச் சென்று, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. கூடியிருந்தோர் வியப்பில் ஆழ்ந்தனர். 1897இல் இலண்டன் அறிஞர் அவையிலும் அவர் தம் கருவிகளை இயக்கிக் காட்டினார்.

1901ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் இலண்டனில் உரையாற்ற இருந்தார். அப்பொழுது தந்தி நிறுவனம் ஒன்றின் உரிமையாளராகிய பெருஞ்செல்வர் அவரை நாடி வந்தார். கருவியின் நுட்பங்களை அவையில் வெளியிட வேண்டா என்றும், காப்புரிமை பெற்றால் வரும் ஊதியத்தில் பாதி அவர்க்கே என்றும் கூறிப் பத்திரத்தையும் நீட்டினார். புதுமை கண்டவரின் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யாதவாறு அரசு அளிக்கும் உரிமையே காப்புரிமை என்பது. சகதீசர் அதனை ஏற்க மறுத்தார். பொருளாசை ஒருமுறை பற்றினால் பின் விடாது என்று அவர் அஞ்சினார். தாம் கண்டவற்றை ஒளிக்காமல் அவையில் விளக்கினார்.

பின்னர் நண்பர்களின் வற்புறுத்தலால் அவ்வாண்டே அமெரிக்காவில் விண்ணப்பம் இடப்பட்டது. 1904 மார்ச்சு 29ஆம் நாள் 7,55,840 என்னும் எண்ணுடன் காப்புரிமை கிடைத்தது. ஈயத்தாதுப் படிகத்தால் அலைகளை உணரும் கருவி அது. குறைகடத்திப் பொருளைக் கொண்டு செய்த கருவிகளுக்கு வழங்கப்பட்ட காப்புரிமைகளுள் மிகப் பழையது அதுவே என்பர். எனினும் அவர் அதனால் பொருளீட்ட முயலாது, காலாவதியாக விட்டுவிட்டார்.

கம்பியில்லாத் தந்தியைக் கடல் கடந்து செலுத்தி உலகிற்கு வழங்கிய புகழ் மார்க்கோனியைச் சார்ந்தது. 1909இல் நோபல் பரிசும் அவரை அடைந்தது. சகதீசரோ அழுக்காறு கொள்ளாது, செடிகொடிகளின் உணர்வை ஆராய்வதில் ஈடுபட்டார். அவற்றின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியையும் படைத்தார். 1917ஆம் ஆண்டு தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவி, அங்குக் காணும் உண்மைகள் உலகோர் அனைவர்க்கும் பொது என்று அறிவித்தார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் இயற்கை எய்தினார்.

நெடுங்காலம் சென்றபின் அவர்தம் அருமையை உலகம் உணர்ந்தது. மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகக் கழகம் 2012இல் அவருடைய மில்லிமீட்டர் அலை ஆய்வை வரலாற்று மைல்கல் எனப் போற்றியது. ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிக்கென 2022இல் இந்திய அரசு ஏலமிட்ட அலைவரிசைகளுள் ஒன்று, அவர் ஆராய்ந்த குறுகிய அலைகளின் எல்லைக்குள் அடங்கியதே.

உழைத்துக் கண்ட புதுமைக்கு உரிமை பெறுதல் குற்றமன்று. அதனால் தொழில் வளர்தலும் உண்டு. ஆயினும் உரிய ஊதியத்தைக் குறைத்தபோது ஒரு காசையும் தொடாதவர், பெருஞ்செல்வம் தேடி வந்தபோதும் அதனைத் தொடவில்லை. மானமும் ஈகையும் ஒருங்கே பொருந்திய இவ்வுள்ளமே சகதீசர் நமக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வமாகும்.