கைக்குழந்தையோடு கிண்டி காலேஜ்: ஏ.லலிதா இன்ஜினீயர் ஆனது எப்படி?

15 வயதில் கல்யாணம். 18 வயதில் கையில் பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு 4 மாதம் ஆகும்போது கணவர் இறந்துபோனார். 1930-களின் மெட்ராஸில் இப்படி ஒரு பெண்ணின் வாழ்க்கை அதற்குப் பிறகு எப்படிப் போகும் என்பதை யாரும் யோசித்துப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. வீட்டின் ஒரு மூலை, நல்ல காரியங்களில் தலைகாட்டக் கூடாது, மறுமணம் பற்றிப் பேச்சே கிடையாது. அவ்வளவுதான்.

ஆனால் அய்யலசோமயாஜுல லலிதாவின் கதை வேறு பக்கம் திரும்பியது. இந்தியாவின் முதல் பெண் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர் என்று இன்று நாம் சொல்வது இவரைத்தான்.

1919 ஆகஸ்ட் 27-ல் மெட்ராஸில், ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார் லலிதா. ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. அப்பா பப்பு சுப்பா ராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். படித்த வீடுதான். ஆனாலும் அந்தக் காலத்துப் பழக்கம் அந்த வீட்டையும் விடவில்லை. அண்ணன் தம்பிகளுக்கு இன்ஜினீயரிங், பெண்களுக்குப் பள்ளிப்படிப்போடு சரி. லலிதாவுக்கு 1934-ல் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகும் பத்தாம் வகுப்பு வரை படிக்கட்டும் என்று அப்பா உறுதியாக இருந்தார். அந்த சின்னப் பிடிவாதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.

கணவர் இறந்ததும் லலிதா எடுத்த முடிவு இதுதான்: யாரையும் நம்பி இருக்கக் கூடாது, மறுபடி படிக்கணும். குயின் மேரிஸ் கல்லூரியில் சேர்ந்து இன்டர்மீடியட்டை முதல் வகுப்பில் முடித்தார்.

அடுத்து என்ன படிப்பது? பெண்களுக்கு அப்போது ஓரளவு கதவு திறந்திருந்த துறை மருத்துவம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். லலிதா வேண்டாம் என்றதற்குக் காரணம் ரொம்ப நடைமுறையானது. டாக்டர் என்றால் நடுராத்திரியிலும் கூப்பிடுவார்கள். குழந்தையை விட்டுவிட்டு ஓடணும். காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பும் வேலைதான் அவருக்குத் தேவை. வேலை நேரத்தைப் பார்த்து கரியரை முடிவு செய்வது இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் கவனிக்க!

இன்ஜினீயரிங் சரிதான். ஆனால் கிண்டி கல்லூரியில் அதுவரை ஒரு பெண்கூடப் படித்ததில்லை. பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடே அங்கே கிடையாது. இங்கேதான் அதிர்ஷ்டம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அப்பா, கல்லூரி முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசினார். சாக்கோ மறுக்கவில்லை. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த ஆர்.எம்.ஸ்டாத்தமும் அனுமதி கொடுத்தார். இந்த மூவரில் ஒருவர் தலையாட்ட மறுத்திருந்தாலும் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. பேராசிரியர் அப்பா இருந்ததால்தான் கேட்கவாவது முடிந்தது. அதே வயதில், அதே மெட்ராஸில் கணவரை இழந்த எத்தனையோ பெண்களுக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

சேர்ந்தாச்சு. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். லலிதா ஹாஸ்டலில், குழந்தை உறவினர் வீட்டில். வார இறுதியில் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவார். படிப்போ சக மாணவர்களோ அவருக்குப் பிரச்னையாக இருக்கவில்லை. ஹாஸ்டலில் தனிமைதான் கஷ்டமாக இருந்தது. பிறகு சிவில் பிரிவில் பி.கே.திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். ஒருத்திக்காகத் திறந்த கதவு வழியாக அடுத்தடுத்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

1943-ல் படிப்பை முடித்தார் லலிதா. அவருடைய பட்டச் சான்றிதழில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. அச்சிட்ட படிவத்தில் ஆண்பாலுக்கான ஆங்கிலச் சொல்தான் இருந்தது. அதை அடித்துவிட்டு, பெண்பாலுக்கான சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெண் ஒருத்தி இந்தத் தாளை வாங்க வருவாள் என்று அச்சடித்தவர்கள் நினைத்தே பார்க்கவில்லை!

பிறகு ஜமால்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பயிற்சி. அடுத்து சிம்லாவில் மத்திய தரநிர்ணய அமைப்பில் வேலை. அங்கே சகோதரர் குடும்பம் இருந்ததால் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. 1946 கடைசியில் அதை விட்டுவிட்டு அப்பாவின் ஆராய்ச்சிகளுக்கு உதவப் போனார். புகையில்லா அடுப்பு, மின்சாரத்தில் இயங்கும் இசைக்கருவி என்று அப்பா பலதையும் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவாரஸ்யமான வேலைதான். ஆனால் பிள்ளையை வளர்க்க மாதச் சம்பளம் வேணுமே! சில மாதங்களில் அதையும் விட்டார்.

1948-ல் கல்கத்தா. அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். இங்கும் ஊரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு உண்டு: இன்னொரு சகோதரரின் குடும்பம் அங்கே இருந்தது. அந்த வீட்டுப் பையனுக்கும் லலிதாவின் மகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவர் ஆபீஸ் போக, அண்ணி இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். லலிதாவின் சாதனைகளைப் பட்டியல் போடும் பலர் இந்த அண்ணியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் இல்லாவிட்டால் அந்த வேலையே இல்லை.

என்ன வேலை? மின்சாரம் கடத்தும் லைன்களையும் சப்-ஸ்டேஷன் அமைப்புகளையும் டிசைன் செய்வது. சட்லஜ் ஆற்றின் பக்ரா நங்கல் திட்டத்துக்கான மின் உபகரணப் பணியும் இதில் சேர்ந்தது. சுதந்திர இந்தியா தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அணை அது. 1963-ல் நேரு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கிட்டத்தட்ட 30 வருஷம் லலிதா அதே நிறுவனத்தில் இருந்தார். நடுவில் 1967-ல் நிறுவனம் ஜிஇசி கைக்கு மாறியது; இவர் மாறவில்லை.

1964-ல் நியூயார்க்கில் பெண் இன்ஜினீயர்கள், விஞ்ஞானிகளுக்கான முதல் சர்வதேச மாநாடு நடந்தது. இந்தியாவில் அப்படியொரு அமைப்பே அப்போது இல்லாததால் தனிப்பட்ட முறையில்தான் கலந்துகொண்டார். அடுத்த மாநாடு 1967-ல் கேம்பிரிட்ஜில். அதற்கு இந்தியாவிலிருந்து வேறு பெண் இன்ஜினீயர்களையும் அனுப்பிவைக்க அவரே முனைந்து வேலை பார்த்தார்.

1977-ல் ஓய்வு பெற்றார். மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. 1979-ல், 60 வயதில் இறந்தார். 4 மாதக் குழந்தையாக அப்பாவை இழந்த மகளுக்கு அப்போது 40 வயது தாண்டியிருந்தது.