மூச்சின் ஓசைக்குச் செவிகொடுத்தவர்

இருமலும் இளைப்புமாக நாம் மருத்துவரிடம் போனால் அவர் முதலில் என்ன செய்கிறார்? ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, அதன் வட்ட முனையை நம் முதுகில் வைத்து, மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்கிறார். அந்தச் சில்லிப்பு சிறு குழந்தைகளுக்கும் பழக்கமானது. ஆனால் மருத்துவரின் காதில் அப்போது என்ன விழுகிறது என்று நம்மில் பலர் யோசித்ததில்லை. அந்த ஓசைகளை முதன்முதலில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டு, இன்ன ஓசை என்றால் நுரையீரலில் இன்ன கோளாறு என்று எழுதி வைத்தவர் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ரெனே தியோஃபில் யாசிந்த் லென்னெக். ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. அவரது வாழ்வை இன்று சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

பிரான்சின் மேற்குக் கோடியில், கடலோரப் பிரிட்டனி பகுதியின் கேம்பெர் நகரில் 1781ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அவர் பிறந்தார். தாய் 1786இல் இறந்துபோனார். அவரைக் கொண்டுபோனது காசநோயாக இருக்கலாம் என்பார்கள். தந்தை வழக்கறிஞர். பிள்ளைகளை வளர்க்கும் பொறுமை அவரிடம் இல்லை. எனவே சிறுவன் ரெனே முதலில் குருவாயிருந்த ஓர் உறவினரிடமும், 1788இல் நாந்த் நகரிலிருந்த சித்தப்பா கியோமிடமும் போய்ச் சேர்ந்தான். கியோம் பெயர்பெற்ற மருத்துவர். அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. கியோமின் வீடு பூஃபே சதுக்கத்தை நோக்கி இருந்தது. தலை வெட்டும் கில்லட்டின் எந்திரத்தை அந்தச் சதுக்கத்தில்தான் நிறுத்தினார்கள். ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் தன் வீட்டுச் சன்னல் வழியே எதையெல்லாம் பார்த்திருப்பான் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

சித்தப்பாவின் மேற்பார்வையில் 14 வயதிலேயே மருத்துவம் கற்கத் தொடங்கிய லென்னெக், 1801இல் பாரிசுக்குப் போனார். அங்கே பிறரன்பு என்று பொருள்படும் ஷாரிட்டே என்ற பெயர்கொண்ட மருத்துவமனையில், பின்னாளில் நெப்போலியனின் மருத்துவரான கோர்விசாரிடம் பயின்றார். இரண்டே ஆண்டுகளில், 1803இல், மருத்துவம், அறுவை சிகிச்சை இரண்டிலும் முதற்பரிசு அவருக்கே கிடைத்தது. அதே காலத்தில் மாணவர்களுக்கான தூய கன்னி மரியாவின் பக்த சபையிலும் சேர்ந்தார். புரட்சிக்குப் பிந்திய பாரிசில், மருத்துவ மாணவர் ஒருவர் செபமாலை சொல்லுவது கேலிக்குரிய செயல். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அக்காலத்து மருத்துவர்களிடம் நெஞ்சு நோயைக் கண்டறிய என்ன இருந்தது? நாடியைப் பிடிப்பார்கள், சளியைப் பார்ப்பார்கள், நோயாளி சொல்வதைக் கேட்பார்கள். எக்ஸ்ரே வர இன்னும் ஏறக்குறைய நூறாண்டு இருந்தது. ஆஸ்திரியாவின் ஆவன்புருக்கர் என்ற மருத்துவர் 1761இல் ஒரு வழி சொல்லியிருந்தார். அவர் விடுதிக்காரரின் மகன். பீப்பாயில் எவ்வளவு மது இருக்கிறது என்பதைத் தட்டிப் பார்த்து அறிவது போல, நெஞ்சையும் விரலால் தட்டிப் பார்க்கலாம் என்றார். காற்று நிறைந்த இடம் கணீரென்று ஒலிக்கும். நீர் கோத்த இடம் மந்தமாக ஒலிக்கும். யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த நூலை கோர்விசார்தான் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1808இல் வெளியிட்டார். எனவே அவருடைய மாணவரான லென்னெக்குக்குத் தட்டிப் பார்க்கும் முறை நன்றாகத் தெரியும். நோயாளியின் மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்பதும் பழைய கிரேக்கர் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் அழுக்கும் பேனும் நிறைந்த ஏழைகளின் வார்டுகளில் மருத்துவர்கள் அதை விரும்பவில்லை. பெண் நோயாளிகளிடம் அது முறையாகவும் இல்லை.

1816இல் லென்னெக் நெக்கர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அந்த ஆண்டில்தான் இதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் அவரிடம் வந்தார். உடல் பருமனாக இருந்ததால் தட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்க அவர் மனம் ஒப்பவில்லை. மரக்கட்டையின் ஒரு முனையைக் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காதை வைத்தவருக்கு அது தெளிவாகக் கேட்கும் என்பது அப்போது அவர் நினைவுக்கு வந்தது. சில தாள்களை எடுத்து இறுகச் சுருட்டி, ஒரு முனையை அப்பெண்ணின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேராகக் காதை வைத்துக் கேட்டபோதெல்லாம் கேளாத தெளிவோடு இதயத் துடிப்பு கேட்டது. பாரிஸ் தெருவில் பிள்ளைகள் கட்டையை வைத்து விளையாடியதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு. அழகான கதைதான், ஆனால் அவர் தம் நூலில் அப்படி எழுதவில்லை. ஒரு பெண்ணின் கூச்சத்தை மதித்ததிலிருந்தே ஸ்டெதாஸ்கோப் பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

லென்னெக் புல்லாங்குழல் வாசிப்பவர். கடைசல் வேலையும் தெரிந்தவர். தாள் சுருளுக்குப் பதிலாக, நடுவில் துளையிட்ட மர உருளைகளைத் தாமே கடைந்து தயாரித்தார். ஏறக்குறைய ஓர் அடி நீளம், இரண்டு துண்டுகளாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். நெஞ்சு, பார்த்தல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஸ்டெதாஸ்கோப் என்று பெயரிட்டார். இரண்டு காதிலும் மாட்டும் குழாய் வடிவம் 1850களில்தான் வந்தது.

கருவி செய்தது ஒரு நாள் வேலை. கேட்ட ஓசைகளின் பொருளை அறிந்ததே பெரிய வேலை. உயிரோடிருந்த நோயாளியின் நெஞ்சில் கேட்டதை எழுதி வைப்பார். அவர் இறந்துபோனால், உடலைத் திறந்து நுரையீரலைப் பார்த்து ஒப்பிடுவார். இப்படி மூன்று ஆண்டுகள் உழைத்தார். நிமோனியாவின் தொடக்கத்தில் கேட்கும் ஓசை, சூடேறிய சட்டியில் உப்பு பொரிவது போன்றது என்று கண்டார். நம் வீட்டுப் பெண்களுக்கு உடனே விளங்கும் உவமை இது! நுரையீரல் உறையில் நீர் கோத்திருந்தால், நோயாளியின் பேச்சு குழாய் வழியே ஆட்டின் குரல் போல நடுங்கிக் கேட்கும். காசநோய் நுரையீரலைக் குடைந்து குழியாக்கியிருந்தால், நோயாளி வாயால் பேசாமல் நெஞ்சிலிருந்தே பேசுவது போல, சொற்கள் நேராகக் குழாயில் ஏறி வரும். மூச்சுக்குழல்கள் விரிந்து சீழ் தங்கும் நோய், எம்ஃபிசீமா எனப்படும் நுரையீரல் காற்றுப்பைகள் அளவுக்கு மீறி விரியும் நோய், நுரையீரலைச் சுற்றிக் காற்று நிறைந்து அதை அமுக்கிவிடும் நிலை ஆகியவற்றை உயிரோடிருப்பவரிடமே பிரித்தறியும் வழியைச் சொன்னார்.

இங்கே ஒரு சிறிய செய்தி நம் மனதைத் தொடுகிறது. சளியினால் எழும் இந்தக் கரகரப்பு ஓசைகளுக்கு அவர் ரால் என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பயன்படுத்தினார். ஆனால் சாகிறவரின் தொண்டையில் எழும் கடைசி இழுப்புக்கும் மக்கள் வழக்கில் அதுதான் பெயர். மாணவர்களிடம் அச்சொல்லைச் சொன்னால், படுக்கையில் கிடக்கும் நோயாளி தனக்கு மரணம் நெருங்கிவிட்டது என்று அஞ்சுவார். அதனால் நோயாளியின் முன்னிலையில் அதே பொருளுடைய இலத்தீன் சொல்லையே பயன்படுத்தினார். நோயாளியின் தலைமாட்டில் நின்று எதையும் உரக்கப் பேசிவிடும் வழக்கம் இன்றும் நம்மிடையே இருக்கத்தானே செய்கிறது?

இன்னொன்று. 1814இல் நெப்போலியனின் போர்களில் நொந்துபோன வீரர்கள் பாரிஸ் மருத்துவமனைகளில் வந்து குவிந்தபோது, பிரிட்டனியிலிருந்து வந்த எளிய இளைஞர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. தங்கள் பிரெத்தோன் மொழியில் அவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ள ஆளில்லை. லென்னெக் அவர்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, அவர்கள் மொழியிலேயே பேசி மருத்துவம் பார்த்தார்.

1819இல் அவரது நூல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. சிறிது கூடுதல் பணம் கொடுத்தால் நூலோடு ஒரு ஸ்டெதாஸ்கோப்பும் கிடைத்தது. வரவேற்பு கலவையாக இருந்தது. 1821இல் அதை ஆங்கிலத்தில் தந்த ஃபோர்ப்ஸ் என்ற மருத்துவரே, இக்கருவி பொதுவழக்கில் வருமா என்று முன்னுரையில் ஐயம் தெரிவித்தார். பாரிசில் அட்டைகளை விட்டு இரத்தத்தை உறிஞ்ச வைப்பதையே பெரும் சிகிச்சையாகக் கொண்டிருந்த புரூசே என்பவர் லென்னெக்கைக் கடுமையாகத் தாக்கினார். லென்னெக்கும் பதிலுக்குச் சளைத்தவரல்ல. அரசியலும் இதில் கலந்தது. 1822இல் அரசு பாரிஸ் மருத்துவக் கல்லூரியை மூடி, மறு ஆண்டு மீண்டும் திறந்தபோது 11 பேராசிரியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது பதவி பெற்றவர்களில் அரச ஆதரவாளரான லென்னெக்கும் ஒருவர். இதனால் அவர்மேல் வெறுப்புக் கொண்டவர்கள் பலர். அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம்.

அவர் மிக நெருங்கி அறிந்த நோய், எலும்புருக்கி என்று நம் முன்னோர் அழைத்த காசநோய். 1810இல் அவருடைய தம்பி அதில் இறந்தார். காசநோயை ஆராய்ந்த உயிர்நண்பர் பேல் 1816இல் அதே நோயில் இறந்தார். நுரையீரலில் தோன்றும் சிறு முடிச்சும், பின்னர் உண்டாகும் பெரும் குழியும், கழுத்தில் கட்டும் கழலையும் வெவ்வேறு நோய்களல்ல, ஒரே நோயின் பல நிலைகளே என்று லென்னெக் உறுதியாகச் சொன்னார். ஜெர்மனியின் பேரறிஞர் விர்கோ பின்னாளில் இதை மறுத்தார். 1882இல் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தபோது, லென்னெக் சொன்னதே சரி என்று தெளிவாயிற்று.

ஆனால் அந்நோய் எப்படி வருகிறது என்பதில் அவர் தவறினார். தீராத துயரமே பெருங்காரணம் என்று நம்பினார். அதற்குச் சான்றாக அவர் எழுதியிருப்பது, திருச்சபையைச் சேர்ந்த நாம் கவனித்துப் படிக்கவேண்டிய பகுதி. புதிதாகத் தோன்றிய ஒரு பெண்கள் துறவற இல்லத்துக்கு அவர் 10 ஆண்டுகள் மருத்துவராயிருந்தார். விதிகள் மிகக் கடுமையானவை. அச்சமூட்டும் மறையுண்மைகளையே எப்போதும் தியானிக்கவேண்டும், சொந்த விருப்பத்தை ஒவ்வொரு நொடியும் அடக்கவேண்டும். திருச்சபை அதிகாரிகள் அதற்கு முழு ஒப்புதல் தரவில்லை, தற்காலிகமாகப் பொறுத்துக்கொண்டார்கள், அவ்வளவே. அந்தப் பத்தாண்டுகளில் அங்கிருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் இறந்து, புதியவர்கள் வந்து, அவர்களும் இறந்து, இல்லம் இரண்டு மூன்று முறை முழுமையாக மாறியது. தப்பியவர்கள் தலைவி, வாயில் காத்தவர், தோட்டம், சமையல், நோயாளர் அறை ஆகியவற்றில் வேலை செய்த சகோதரிகள். அறிகுறி தோன்றிய உடனே இல்லத்தை விட்டுப் போய்விடும்படி அவர் அறிவுறுத்தினார். அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் குணமடைந்தார்கள்.

பக்தியுள்ள ஒரு மனிதர் இதை மூடி மறைக்காமல் அச்சிட்டதை நாம் மதிக்கிறோம். அந்தச் சகோதரிகளைக் கொன்றது துயரம் மட்டுமல்ல, அடைத்த அறைகளில் ஒருவர் இருமிய காற்றை மற்றவர் சுவாசித்ததே என்று இன்று நமக்குத் தெரியும். தோட்டத்திலும் வாசலிலும் நின்றவர்கள் தப்பியது அதற்குப் பொருந்துகிறது. ஆனால் நோயாளர் அறையில் வேலை செய்தவர்கள் எப்படித் தப்பினார்கள்? அது நமக்குப் புதிராகவே இருக்கிறது.

கேட்கத் தெரிந்ததே தவிர, குணமாக்க அவரிடம் மருந்தில்லை. காசநோயைக் கொல்லும் ஸ்டிரெப்டோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கடற்காற்று நல்லது என்று எண்ணி, பிரிட்டனியிலிருந்து கடற்பாசியை வரவழைத்து காசநோய் வார்டில் பரப்பிப் பார்த்தார். பலனில்லை. நெஞ்சில் குழியின் ஓசை கேட்டபின் அந்த நோயாளியின் முகத்தைப் பார்ப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அவரும் பாரிசில் மாணவராயிருந்தபோதே, காசநோய் பிடித்த முதுகெலும்பை அறுக்கையில் இடது ஆள்காட்டி விரலில் இரம்பம் கீறி, அங்கே ஒரு முடிச்சு வளர்ந்தது. அதை மருந்தால் சுட்டு ஆற்றினார். பிணவறையில் கழிந்த ஆண்டுகள் எவ்வளவு கிருமியை அவர் உடலில் சேர்த்தனவோ! மெலிந்து, இளைப்பால் துன்புற்று, 1819இல் நூல் வெளிவந்ததும் ஊர் திரும்பிவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தேறி, மீண்டும் பாரிஸ் வந்து பேராசிரியரானார். 1824 டிசம்பரில், தம் இல்லத்தைக் கவனித்துவந்த விதவையான உறவுப் பெண்ணை மணந்தார்.

நூலின் இரண்டாம் பதிப்பை 1826இல் முடித்தபோது காய்ச்சலும் இருமலும் முற்றியிருந்தன. உறவினரும் மாணவருமான மெரியாடெக்கிடம் ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்துத் தம் நெஞ்சில் கேட்பதைச் சொல்லச் சொன்னார் என்றும், அந்த இளைஞர் விவரித்த ஓசைகள் தாமே எழுதிவைத்தவை என்பதை உடனே அறிந்துகொண்டார் என்றும் அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மே 30 அன்று மனைவியோடு பிரிட்டனிக்குப் புறப்பட்டார். ஒரு பயணத்தில் வண்டி கவிழ்ந்து, இருவரும் எழுந்து மீண்டும் ஏறி அமர்ந்ததும், செபமாலையை விட்ட மணியிலிருந்தே தொடர்ந்தார்கள் என்றும் ஒரு செய்தி உண்டு.

கெர்லுவார்னெக் என்ற தம் பண்ணை வீட்டில் 1826 ஆகஸ்ட் 13ஆம் நாள் அவர் இறந்தார். வயது 45. இறப்பதற்குச் சற்றுமுன், பிறகு வேறொருவர் அந்தத் துயரமான வேலையைச் செய்ய வேண்டாமென்று, விரல்களிலிருந்த மோதிரங்களைத் தாமே கழற்றி வைத்தாராம். அருகிலுள்ள பிளோவாரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். தம் கடிகாரத்தையும் தாள்களையும் மெரியாடெக்குக்கு எழுதி வைத்திருந்தார். கூடவே தம் ஸ்டெதாஸ்கோப்பையும், தாம் விட்டுச்செல்லும் சொத்தில் மிக மேலானது அதுவே என்ற குறிப்போடு.